எழுபத்தெட்டு ஆணியும் ஒரு தலைவரும்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஈப்போ பக்கம் சிலிபினில் எங்கள் வரிசை வீடுகளை அப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் போதும், உடையப்பன் வீட்டுச் சமாச்சாரம் தானாகவே உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். வந்ததைத் துரத்தவா முடியும்?

உடையப்பனுக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. செமோர் போகிற வழியில் இருக்கிற கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பகுதிக்கு மேற்பார்வையாளர். சரியாகச் சொன்னால் தற்காலிக மேற்பார்வையாளர். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அவர் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் டயாலிசிஸ். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடுவார்.

போன மார்ச் மாதம் தொழிற்சாலையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதை அவர் ஜன்னலோரம் நின்று சத்தமாகப் படித்தார். நானாக எட்டிப் பார்க்கவில்லை.

‘தற்காலிக மேற்பார்வையாளர்கள் அனைவரும் தலைமைத்துவக் கோச்சிங்கில் கலந்துகொண்டு தனிமனித வளர்ச்சியைக் காட்ட வேண்டும். வளர்ந்தவர்கள் நிரந்தரமாக்கப்படுவர். வளர்ச்சி போதாதவர்கள் ஆயர் தாவார் கிடங்குக்கு மாற்றப்படுவர்.’

ஆயர் தாவாருக்குப் போக வர மூன்று மணி நேரம் ஆகும். அப்புறம் அம்மாவை யார் கூட்டிப்போவது?

“நாப்பத்து நாலு வயசுலே இனி நான் எங்க அக்கா வளர்றது?” என்றார் உடையப்பன்.

“அகலத்துலே வளரலாம் தம்பி. கணக்குலே சேப்பாங்களான்னு கேட்டுப் பாரு” என்றேன். பாவம், அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு வாய்த்த கோச்சின் பெயர் தீபன். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். செமோர் பாப்பாவின் மகன். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு தண்ணீர் வடிகட்டியை விற்றுவிட்டுப் போனான். அது இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் இன்சூரன்ஸ். இப்போது காலில் வெள்ளைச் சப்பாத்தும், கன்னத்தோடு ஒட்டிய மைக்குமாக மனிதர்களை வளர்க்கிறானாம்.

முதல் வகுப்புக்குப் போய்விட்டு வந்த உடையப்பனை வேலியோரம் நிறுத்தினேன். “என்ன சொல்லிக் கொடுத்தாங்க?”

“ஒண்ணும் சொல்லிக் கொடுக்க மாட்டாங்களாம் அக்கா. கேள்விதான் கேப்பாங்களாம். விடை எனக்குள்ளேயே இருக்காம்.”

“உனக்குள்ள இருக்கறதை எடுக்க அவன் எதுக்கு?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘நான் எதுக்குன்னு உங்களுக்கு என்ன தோணுது?’ன்னு திருப்பிக் கேட்டுட்டாரு.”

அதோடு நிற்கவில்லை. நடுவில் மூன்று கோப்பை தேநீர் கொடுத்திருக்கிறார்கள். இவர் எழுந்து, “சார், டாய்லெட் எந்தப் பக்கம்?” என்று கேட்டிருக்கிறார்.

தீபன் கண்களை மூடித் திறந்து, “எந்தப் பக்கம் இருக்கும்னு உங்க உள்மனசு சொல்லுது?” என்றானாம்.

“உள்மனசு அவசரம்னு சொல்லுது சார்.”

“அருமை. அந்த அவசரத்தோட கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க. அது உங்ககிட்ட என்ன பேசுது?”

அது என்ன பேசியது என்பதை இங்கே எழுத முடியாது. கடைசியில் தரை துடைக்க வந்த அம்மா கையைக் காட்டி வழி சொல்லியிருக்கிறார். ‘வெளி விடையை நாடினார்’ என்று தீபன் புத்தகத்தில் குறித்துக்கொண்டானாம்.

இரண்டாவது வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். பயிற்சி முடியும்வரை உடையப்பன் யாருக்கும் உத்தரவு போடக்கூடாது. எதைச் சொல்வதானாலும் கேள்வியாகத்தான் சொல்ல வேண்டும். உத்தரவு போடுகிறவன் கங்காணியாம். கேள்வி கேட்கிறவன்தான் தலைவனாம்.

நாலாம் நாள், பாரந்தூக்கி ஓட்டுகிற சீனி அட்டைப் பெட்டிகளைக் கோணலாக அடுக்கிவிட்டான். அடுக்கு சாய்கிறது. வழக்கமாக உடையப்பன் “டேய், நிறுத்து!” என்பார், சீனி நிறுத்துவான், கதை அதோடு முடியும். அன்றைக்கு உடையப்பன் மூச்சை இழுத்துவிட்டு, “சீனி, இந்த அடுக்கு இப்படியே சாய்ஞ்சா என்ன ஆகும்னு நீ நெனைக்கிறே?” என்று கேட்டிருக்கிறார்.

சீனி பதினோரு வருஷமாக அங்கே வேலை செய்கிறான். அவனிடம் யாரும் எதையும் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டதே இல்லை. நெஞ்சு நிறைந்து போய் வண்டியை விட்டு இறங்கி, இடுப்பில் கையை ஊன்றி, மோவாயைத் தடவி யோசித்தான். “அண்ணே, எனக்கு என்ன தோணுதுன்னா...” என்று அவன் தொடங்கும்போது நாற்பது பெட்டியும் கீழே வந்துவிட்டன. “...விழுந்துடும்னு தோணுது” என்று முடித்தான்.

தீபனுக்கு ஒரே சந்தோஷம். “பிரமாதம்! அந்தப் பெட்டிகள் உங்களுக்கு என்ன கத்துக் கொடுத்துச்சு?”

“குனிஞ்சு பொறுக்கக் கத்துக் கொடுத்துச்சு சார்” என்றார் உடையப்பன்.

இதுவரைக்கும் இதில் என் கை எதுவும் இல்லை. அடுத்து நடந்ததில் இருக்கிறது. மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை. வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். முப்பது வயது இருக்கும். நல்ல உடை, கையில் ஒரு கோப்பு, கழுத்தில் தாலி இல்லை. “நான் ஷாமினி. பக்கத்து வீட்டு மிஸ்டர் உடையப்பனைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும். நான் வந்தது அவருக்குத் தெரிய வேணாம். நீங்க சொல்றது எல்லாம் ரகசியமா இருக்கும்.”

நீங்களே சொல்லுங்கள். கல்யாணமாகாத ஆம்பிளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் ரகசியமாக ஒருத்தி விசாரித்தால் அதற்கு நம்ம ஊரில் என்ன அர்த்தம்? முன்பெல்லாம் தாய்மாமன் வருவார், சித்தப்பா வருவார். இப்போது பெண்ணே கோப்போடு வந்துவிட்டாள், காலம் மாறிப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ரவையை வறுத்து ஒரு கேசரியே கிண்டிவிட்டேன்.

மாப்பிள்ளை விசாரிப்புக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பால்பாடம். இந்தத் தெருவில் ஏழு கல்யாணம் என் வாயால் முடிந்திருக்கிறது.

“அவர் கோபப்பட்டுப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“சேச்சே! தங்கம். தலை குனிஞ்சு போவாரு, தலை குனிஞ்சு வருவாரு. குரல் உசந்து நான் கேட்டதே இல்ல.”

“யாராவது அவரை எதிர்த்துப் பேசினா?”

“வாயே திறக்க மாட்டாரும்மா. அடிச்சாலும் அப்படியே நிப்பாரு.”

“முடிவுகளைத் தானே எடுப்பாரா?”

“பெரியவங்களைக் கேக்காம ஒரு சட்டை எடுக்க மாட்டாரு!”

“ரிஸ்க் எடுக்கிற குணம்?”

“அந்தப் பழக்கமெல்லாம் அறவே கிடையாது. நாலு நம்பர் லாட்டரிகூட எழுத மாட்டாருன்னா பாத்துக்கோயேன்.”

அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனாள். எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. “அடுக்களைக்குள்ள எட்டிக்கூடப் பாக்காத தங்கம்மா அவரு. நீ எது சொன்னாலும் சரின்னுதான் சொல்வாரு” என்று ஒரே போடாகப் போட்டேன். அவள் சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் நானும் விசாரித்து வைத்துக்கொண்டேன். அதையும் அவள் எழுதிக்கொண்டபோதுதான் லேசாக ஒரு சந்தேகம் தட்டியது.

இங்கேயிருந்து முக்கில் இருக்கும் ஷரபுதீன் பாய் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருக்கிறாள். பாயும் நம்ம ஆள்தானே, விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். “பதினைஞ்சு வருஷமா ஒரே மேசை, ஒரே தே தாரிக், ரெண்டு ரொட்டி சானாய். மெனுவைப் பாத்ததே இல்ல. அவ்வளவு நிலையான மனுஷன்” என்று சத்தியம் செய்திருக்கிறார். தொழிற்சாலையில் சீனி, “அண்ணனா? பூனை மாதிரி” என்றானாம்.

பத்து நாள் கழித்து உடையப்பன் ஒரு காகிதத்தோடு வந்தார். சிலந்தி வலை மாதிரி ஒரு படம். வலை நடுவே சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புள்ளி.

“இதுதான் நானாம் அக்கா. அஞ்சுக்கு ஒண்ணரை. ஷாமினின்னு மனிதவளப் பிரிவு அதிகாரி, சுத்தி இருக்கிற ஆளுங்ககிட்டப் போய் என் தலைமைத்துவத்தை விசாரிச்சிருக்காங்க. கோபம் வராது, எதிர்த்துப் பேச மாட்டான், சொந்த முடிவு கிடையாது, மாற்றம் பிடிக்காது. இப்படி ஒரு ஆளை எப்படித் தலைவனாக்குறதுன்னு கேக்கறாங்க.”

தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். “யாரு தம்பி அப்படிச் சொன்னது?”

“பேர் போட மாட்டாங்களாம். ‘பதிலளித்தவர் நான்கு’ன்னு மட்டும் இருக்கு.”

அந்தப் ‘பதிலளித்தவர் நான்கு’ தண்ணீர்ப் பானையைத் திறந்து மூடிவிட்டு, பேச்சை மழைப் பக்கம் மாற்றினாள்.

இனி கடைசிக் கட்டம். ரெண்டு நாள் முகாம். அதில் தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் ஆயர் தாவார். முகாமுக்குச் சமைக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. ஷாமினிக்கு என் கேசரி பிடித்திருந்ததாம். அதனால் மீதியை நான் கண்ணாலேயே பார்த்தேன். யாரையும் கேட்டுச் சொல்லவில்லை.

செமோருக்கு உள்ளே ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது ‘தலைமைத்துவ வனம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்து வீடுகளுக்கு வெள்ளையடித்து விருந்தினர் அறை ஆக்கிவிட்டார்கள். என் அம்மா அந்த மாதிரி லயத்தைவிட்டு வெளியேற முப்பது வருஷம் பாடுபட்டாள். இப்போது உள்ளே போக ரெண்டு மாசம் முன்கூட்டியே பதிய வேண்டுமாம். விடிகாலையில் மேனேஜர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். இங்கே ‘விழிப்புணர்வு ஒன்றுகூடல்’. ஆளுக்கொரு பால்வெட்டும் கத்தியைக் கொடுத்து, “மரத்தை வெட்டாதீங்க, மரம் உங்களை வெட்டட்டும்” என்றான் தீபன். ஒருவருக்கு மட்டும் அப்படியே நடந்தது. மூன்று தையல்.

ரெண்டாம் நாள் பத்து மணிக்கு, சுல்தானிடம் ‘டத்தோ’ பட்டம் வாங்கிய முதலாளி சுகுமாரன் பேசினார்.

“நான் பணிவுக்குப் பேர் போனவன். என்னைவிடப் பணிவான ஆள் இந்தப் பேராக் மாநிலத்துலே யாராச்சும் இருந்தா, அவரைத் தோக்கடிக்காம விட மாட்டேன். என் கதவு எப்பவும் திறந்தே இருக்கும். மூணு வாரத்துக்கு முன்னாலே செக்ரட்டரிகிட்டச் சொல்லிட்டா, நீங்க எந்த நேரமும் வரலாம். நான் அடுத்தவங்க பேசறதைக் கேக்கிறவன். எவ்வளவு கேக்கிறவன்னு இப்ப ஒரு மணி நேரம் சொல்றேன்.”

சொன்னார். ஒரு மணி பத்து நிமிஷம்.

மத்தியானம் என் கையால் கோழிப் பெரட்டல். டத்தோ மூன்று தடவை போட்டுக்கொண்டார். நாலரை மணிக்கு எல்லாரையும் ரப்பர் உலர்த்துகிற பழைய புகைக்கூட்டுக்கு முன்னால் கூட்டினார்கள். அங்கே இருபதடி நீளத்துக்கு நெருப்பு. தீக்கட்டைகள் செக்கச் செவேலென்று கிடந்தன.

“பயத்தை மிதிப்போம்!” என்று தீபன் மைக்கில் கத்தினான். “இன்னைக்கு நாம தலைவர்களாகப் போறோம். முதல்லே டத்தோ!”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்து எல்லையில் ஒரு மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது. வருஷா வருஷம் அங்கே தீமிதி. அதற்குக் குழி வெட்டி, விறகு அடுக்கி, நெருப்பைக் கிளறிப் பதம் பார்த்து ‘இறங்கலாம்’ என்று சொல்கிற ஆள் நம்ம உடையப்பன்தான், பதினெட்டு வருஷமாக. அந்த நெருப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தீபன் பக்கத்தில் போய், “சார், எல்லாரும் கோழி சாப்பிட்டிருக்காங்க. விரதம் இல்லாம நெருப்புலே இறங்கறதா?” என்றார்.

“அது உங்களைக் கட்டிப்போடுற நம்பிக்கை” என்றான் தீபன், கோழி வாசனையோடு. “அதை இன்னைக்கு உடைக்கிறோம்.”

உடையப்பன் நெருப்போரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஓரமாகக் கிடந்த எரியாத கட்டை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் அகப்பையோடு காத்திருக்கிறேன், மனிதர் விதியை மீறாமல் கேள்வி கேட்கிறார்!

“டத்தோ, பெட்டி அடுக்குற ஒரு பேலட் கட்டையிலே எத்தனை ஆணி இருக்கும்னு நீங்க நெனைக்கிறீங்க?”

டத்தோ கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டே, “நல்ல கேள்வி! தலைவன் ஆணியை எண்ண மாட்டான். தலைவன் பேலட்டை மட்டும்தான் பாப்பான்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

“சார், கட்டை எரிஞ்சு போயிட்டா ஆணி எங்கே போகும்?” இது தீபனிடம்.

“ஆகா! ஆணிங்கிறது நம்ம பழைய காயங்கள். அதையெல்லாம் நெருப்புலேயே விட்டுட்டுப் போயிடுவோம்!” மறுபடியும் கைதட்டல்.

டத்தோ வலது காலைத் தூக்கினார். கொழுகொழுவென்று, முப்பது வருஷமாகக் கார் மிதியடியைத் தவிர வேறெதையும் மிதித்திராத பாதம்.

“ஏய்! காலை எடு!”

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். உடையப்பனிடமிருந்து. பதினைந்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், அப்படி ஒரு சத்தம் அந்த நெஞ்சுக்குள் இருந்தது எனக்கே தெரியாது. டத்தோவின் கால் அந்தரத்தில் நின்றது. அறுபது பேரும் சிலையாகிவிட்டார்கள். நானும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன், என்னைச் சொல்லாவிட்டாலும்.

“எல்லாரும் பின்னாலே போங்க. சீனி, ஒரு சாங்குளும் வாளியும் கொண்டா. ஓடு!”

எடுபிடி வேலைக்கு வந்திருந்த சீனி எதையும் யோசிக்காமல் மண்வெட்டிக்கு ஓடினான்.

தீபன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். “மிஸ்டர் உடையப்பன், நீங்க இப்ப ஒரு உத்தரவு போட்டீங்க.”

“ஆமா சார்.”

“அதைக் கொஞ்சம் கேள்வியா மாத்திச் சொல்ல முடியுமா?”

உடையப்பன் ஒரு குச்சியை நெருப்புக்குள் விட்டுக் கிளறி, சிவப்பாகப் பழுத்திருந்த விரல் நீள ஆணி ஒன்றை வெளியே இழுத்துப் போட்டார். வெள்ளைச் சப்பாத்துக்கு அரையடி முன்னால்.

“இதை மிதிக்கிறீங்களா சார்?”

தீபனுக்கு அந்த விடை உள்ளேயிருந்து உடனே கிடைத்துவிட்டது. மூன்றடி பின்னால் போனான்.

நெருப்புக்கு விறகு வாங்கப் போன ஆள், தொழிற்சாலையின் பழைய பேலட் இருபதை அப்படியே உடைத்துப் போட்டிருக்கிறான். ஒரு பேலட்டுக்கு எழுபத்தெட்டு ஆணி. பெட்டி கட்டுகிறவருக்கு இது தெரியும். மற்றவர்கள் எல்லாருக்கும் தொலைநோக்குதான் தெரியும். உடையப்பன் சாங்குளால் நெருப்பை வாரி ஆற்றி, ஆணிகளைப் பொறுக்கி வாளியில் போட்டார். வாளி நிறைந்தது.

டத்தோ கால்சட்டையை இறக்கிவிட்டு மைக்கை வாங்கினார். “இன்னைக்கு நான் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். காலை எடுத்துடணும்னு முடிவு எடுத்தேன்.” எல்லாரும் கைதட்டினார்கள்.

மிச்சச் சோற்றைப் பொட்டலம் கட்டும்போது ஷாமினி என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். “பாவம் அக்கா. கடைசிக் கட்டத்துலே தேறலைன்னு தீபன் எழுதிட்டாரு. உத்தரவு போட்டாரு, முதலாளியை ‘ஏய்’னு கூப்பிட்டாரு. வர்ற வெள்ளி இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மீட்டிங்லே அறிக்கையை வைப்பாங்க. அப்புறம் ஆயர் தாவார்தான்.”

அன்றைக்குக் கிளம்பும் முன் டத்தோ உடையப்பனைக் கூப்பிட்டார். நெருப்பில் இறங்காமல் வீட்டுக்குப் போக அவருக்கு மனசில்லை. படம் பிடிக்க ஆளெல்லாம் வந்திருந்தார்கள். “அப்ப எப்பதான்யா மிதிக்கலாம்?”

“வர்ற வெள்ளி கோயில்லே காப்புக் கட்றாங்க டத்தோ. பத்தாம் நாள் ஞாயித்துக்கிழமை தீமிதி. ஆனா ஒழுங்கா இருக்கணும். கவிச்சி கூடாது, தண்ணி கூடாது, பாயிலேதான் படுக்கணும். கோபம் கூடாது, பொய் கூடாது, அடுத்தவங்களைப் பத்திப் பேசக்கூடாது.”

“இவ்வளவுதானே?” என்றார் டத்தோ.

திங்கட்கிழமை தொழிற்சாலை முழுக்க அறிவிப்பு ஒட்டினார்கள்: ‘பத்து நாள் தலைமைத்துவ உள்தூய்மைப் பயணம்.’ மலாய்க்கார மேனேஜர்கள், “எங்களுக்கு எங்க புவாசா நோன்பு இருக்கு, நாங்க வந்து பாக்கறோம்” என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். கணக்குப் பிரிவு மிஸ்டர் லியோங், “எங்க ஒன்பது பேரரசர் திருவிழாவுக்கு ஒன்பது நாள் சைவம்தான். இன்னும் ஒரு நாள் கூட, பரவாயில்லை லா” என்று கையை நீட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை டத்தோ, ஷாமினி, லியோங், தீபன் எல்லாருக்கும் மஞ்சள் காப்பு. தீபனுக்குக் கட்டும்போது அவன் அம்மா பாப்பா பக்கத்திலேயே நின்றாள். இருபது வருஷமாகத் தீமிதிக்கிறவள். “தம்பி, காப்போட ஒரு பொய் சொன்னே, கால் வெந்துடும். பாத்துக்கோ” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

நானும் கட்டிக்கொண்டேன். தொழிற்சாலையில் பத்து நாளும் சைவச் சாப்பாடு சமைக்கிற வேலையும் எனக்குத்தானே.

தொழிற்சாலை அப்படி ஒரு பத்து நாளைக் கண்டதில்லை. ரெண்டு மணி நேரம் நடக்கிற மீட்டிங் நாலு நிமிஷத்தில் முடிந்தது. பொய்யைக் கழித்தால் அவ்வளவுதான் மிச்சம். “சரக்கு ஏன் வரலை?” என்று வாடிக்கையாளர் போன் செய்தால், “மறந்துட்டோம்” என்று பதில் போனது. ஒருவர் திகைத்துப் போய் இன்னும் ரெண்டு கண்டெய்னர் கேட்டாராம்.

என் பாடுதான் திண்டாட்டம். கவிச்சியை விட்டுவிடலாம், பாயில் படுக்கலாம். அடுத்தவரைப் பற்றிப் பேசாமல் பத்து நாள்! மூன்றாம் நாளே உதடு அரித்தது. அடுக்களை ஜன்னலைச் சாத்தி வைத்தேன். ஐந்தாம் நாள் தாங்க முடியாமல், அடுத்தவரைப் பற்றித்தானே பேசக்கூடாது, நம்மைப் பற்றிப் பேசலாமே என்று, வேலியோரம் போய் உடையப்பனிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். “தம்பி, அந்தப் ‘பதிலளித்தவர் நான்கு’ நான்தான். பொண்ணு வீட்டு விசாரிப்புன்னு நெனைச்சுட்டேன்.”

“அன்னைக்கே தெரியும் அக்கா. ‘அடுக்களைக்குள்ள எட்டிக்கூடப் பாக்காத தங்கம்’னு எழுதியிருந்துச்சு. நம்ம தெருவிலே வேற யாருக்கு அக்கா அப்படிப் பேச வரும்?” என்றார். கோபப்படவில்லை. காப்புக் கட்டியிருந்தார் என்பதாலா, அவர் குணமே அதுதானா, எனக்குத் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. விரதத்தில் எட்டாம் நாள். மீட்டிங் அறைக்கு நான் சாம்பாரைக் கொண்டுபோன நேரம்தான் உடையப்பன் விஷயம் எடுத்தார்கள். சாம்பாரை மெதுவாகத்தான் பரிமாற வேண்டும், சூடு.

“கோச், உங்க அறிக்கை?” என்றார் டத்தோ.

தீபன் நாற்பத்திரண்டு பக்க அறிக்கையைத் திறந்தான். காப்பு மணிக்கட்டில் உரசியது. மூடினான். மறுபடி திறந்தான். “டத்தோ, இவர் தலைவரா இல்லையான்னு உங்களுக்கு என்ன தோணுது?”

“நான் உங்களைத்தான் கேக்கறேன்.”

தீபன் தன் காலைக் குனிந்து பார்த்தான். “இவருக்குச் சொல்லிக் கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல டத்தோ” என்றான். “பேலட்டுலே ஆணி இருக்கிறதே எனக்குத் தெரியாது.”

ஷாமினி மதிப்பீட்டுப் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “இதை எழுத இதிலே கட்டம் இல்ல டத்தோ.”

“சரி, ஆறு மாசப் பயிற்சியாலே நம்ம கம்பெனிக்கு என்ன கிடைச்சது? யாராச்சும் சொல்லுங்க.”

ஒவ்வொருவரும் தங்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள். கடைசியில் மிஸ்டர் லியோங் தொண்டையைச் செருமினார். “கோழிப் பெரட்டல் நல்லா இருந்துச்சு” என்றார். அந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் சுவரோரம் உட்கார்ந்திருந்த உடையப்பன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீவி டத்தோ முன்னால் வைத்தார். நிரந்தர நியமனக் கடிதம். பக்கத்தில் பேனா, மூடி கழற்றி.

“கையெழுத்து இங்கே டத்தோ.”

“இப்பவேவா? அடுத்த வாரம் ஒரு விழா வச்சு, மேடை போட்டு...”

“இப்பவே.”

டத்தோ கையெழுத்துப் போட்டார். “சாப்பும் குத்திடுங்க” என்று உடையப்பன் ஷாமினி பக்கம் தள்ளினார். அவளும் கம்பெனி முத்திரையைக் குத்தினாள். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு தலையாட்டல் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தீமிதி நன்றாகவே நடந்தது. தீபன் கண்ணை மூடிக்கொண்டு ஓடிக் கடந்தான். லியோங் நிதானமாக நடந்து கடந்தார். டத்தோ குழியோரம் வந்து நின்று பார்த்தார். “வாரீங்களா டத்தோ?” என்று உடையப்பன் கேட்டதற்கு, “இல்லப்பா, பயமா இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு சின்னப் பேச்சு வந்து தான் கேட்டதே இல்லை என்றாள் ஷாமினி. பூசை முடிந்து பூசாரி எல்லாருக்கும் காப்பை அவிழ்த்தார்.

திங்கட்கிழமை காலை தொழிற்சாலையில் டத்தோ நாற்பது நிமிஷம் பேசினார். “உடையப்பனை நான் ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடிச்சுட்டேன். பழுக்கட்டும்னுதான் தற்காலிகமா விட்டு வச்சேன். ஆணி விஷயம் எனக்கு முன்கூட்டியே தெரியும். அவரைச் சோதிக்கத்தான் காலைத் தூக்கினேன். நேத்து நான் நெருப்புலே இறங்காததுக்குக் காரணம், தலைவன் மத்தவங்களுக்கு வழி விடணும்.” அடுத்துத் தீபன் மைக்கை வாங்கினான். நாற்பத்திரண்டு பக்கமும் எழுத்துப் பிசகாமல் சரியென்றும், ஆனாலும் கையெழுத்தும் சாப்பும் விழுந்துவிட்டதால் கம்பெனி விதிப்படி மாற்ற முடியாது என்றும் சொல்லிவிட்டு, ‘ஆணி வழித் தலைமைத்துவம்’ என்ற தன் புதிய வகுப்புக்குப் பெயர் எழுதச் சொன்னான். சீனி போய் முதல் ஆளாக எழுதினான்.

அன்று சாயங்காலம் உடையப்பன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைத் திறந்தேன். ஒரு வாரத்துக்கு மேல் சாத்தியிருந்ததில் தாழ்ப்பாள் இறுகியிருந்தது.

“ஏன் தம்பி வெள்ளிக்கிழமையே அப்படி அவசரப்பட்டே? ஒரு வாரம் பொறுத்திருந்தா மேடை போட்டு, மாலை போட்டுக் குடுத்திருப்பாங்களே?”

அவர் அம்மாவின் சேலை நுனியைக் கார்க் கதவில் மாட்டாமல் உள்ளே எடுத்து விட்டுக் கதவைச் சாத்தினார்.

“ஞாயித்துக்கிழமை காப்பு அவுத்துருவாங்கல்ல அக்கா.”